டபுள் பேஸின் ஜர்ர்ரும் கோகுலின் காதும்

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். கடைக்குப் புதிதாக வரும் பசங்கள் படிப்பதற்காக, ஆளுக்கு ஒரு வேலையைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்று முதலாளி சொன்னார். நான் பார்த்த வேலைகளில் சொல்லும்படியாக இருப்பது அந்த டபுள் பேஸ் வேலை ஒன்றுதான். ஆனால் அதை உள்ளபடி எழுதினால் பாதி இடத்தில் கோகுலைப் புகழ வேண்டிவரும். பத்தாவது தேர்வில்கூட நான் பேனாவை இவ்வளவு நேரம் கடித்ததில்லை.

என் பெயர் சாமுவேல். கடையில் சாம். பெரிய காஞ்சிபுரத்தில், பட்டுக் கடைகளுக்கு நடுவே, இசைக் கருவி ரிப்பேர் செய்யும் கடை எங்களுடையது. கீபோர்டு, கிட்டார், ஹார்மோனியம், ஆம்ப் எல்லாம் வரும். முதலாளியை எல்லோரும் பாய் என்போம். கோகுல் என்னோடு பள்ளியில் படித்தவன். அவனை இந்தக் கடையில் சேர்த்துவிட்டதே நான்தான். அந்தப் புண்ணியத்தை இன்றுவரை அனுபவிக்கிறேன்.

1. பெட்டி இறங்கிய நாள்

டிசம்பர் ஆரம்பத்தில் ஒரு காலை, சின்ன யானை வண்டியில் ஒரு பெரிய உருப்படி வந்து நின்றது. மெத்தை விரிப்பு சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, நீட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்துப் பட்டுக் கடை வாட்ச்மேன் என்ன நினைத்தாரோ, தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"இன்னாபா வந்துகீது?" என்று பாய் உள்ளேயிருந்து கேட்டார்.

"கழுத்து நீளமா இருக்குது பாய். ஒட்டகமா இருந்தாலும் இருக்கும்."

பின்னாலேயே ஸ்கூட்டியில் பியூலா அக்கா வந்தார். பள்ளிக்கூட டீச்சர். அவர்கள் சர்ச்சின் பாடகர் குழுவை நடத்துவதும் அவர்தான், நின்றுகொண்டு வாசிக்கும் ராட்சத வயலின் போன்ற இந்த டபுள் பேஸை வாசிப்பதும் அவர்தான். அதற்கு முன்னால் வாசித்த பையன் துபாய் போய்விட்டதால் அக்காவின் கைக்கு வந்திருக்கிறது. அது ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. என் உயரத்துக்கு என்றால் ரொம்பவே மேல்.

"டி ஸ்ட்ரிங்கைத் தொட்டாலே ஜர்ர்ருனு இரையுது பாய். இங்கிலீஷ் கிறிஸ்மஸ் கேரல் பாடும்போது அடியில வண்டு பூந்துக்கின மாதிரி இருக்குது. சென்னையில பெரிய சர்ச்சுல புரோகிராம். அங்க போய் என் மானம் போவக்கூடாது."

"பண்ணிடலாம்மா."

"இன்னொண்ணு. அன்னிக்கு உங்க ஆள் ஒருத்தர் கூட வரணும். மேடையில ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா நான் எங்க ஓடுவேன்? வேன்ல ஒரு சீட்டு இருக்குது. மத்த இடத்துலல்லாம் இது படுத்துக்கும்."

பாய் என் பக்கம் திரும்பவே இல்லை. நேராகக் கோகுலைப் பார்த்தார்.

எங்கள் கடையில் வெளி வேலை என்றால் கோகுல். ஸ்டூடியோவா, கோகுல். மண்டபமா, கோகுல். சாப்பாடு போடும் இடம் எதுவாக இருந்தாலும் கோகுல். நான் சால்டரிங் புகையை முகர்ந்துகொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன். அவன் திரும்பி வந்து, "பீடா சூப்பர்டா" என்பான். அந்த ஒரு சீட்டு எனக்கு வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். சிறு வயதிலிருந்து சர்ச்சில் நின்று பாடியவன் நான். கேரல் புரோகிராமுக்குப் போக என்னைவிட அவனுக்கு என்ன உரிமை?

2. கோகுல் தலையைச் சாய்த்தான்

ஒரு கருவி வந்தால் நாங்களெல்லாம் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவோம். கோகுல் தலையைச் சாய்ப்பான். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் வீட்டில் தறி ஓடுகிறது. அடுத்த அறையில் படுத்துக்கொண்டே, சத்தத்தை வைத்து இழை அறுந்துவிட்டது என்று சொல்லிவிடுவானாம். அவன் அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். என்னைப் பற்றி என் அம்மா தெருவில் சொல்வதெல்லாம் வேறு ரகம்.

"இன்னொரு வாட்டி வாசிங்கக்கா," என்றான்.

அக்கா விரலால் டி கம்பியைச் சுண்டினார். ஜர்ர்ர்.

"இது ரிப்பேர் இல்லக்கா."

"பின்ன இன்னாவாம்?" என்றேன் நான்.

"தெரியலடா. ரிப்பேர்னா அசிங்கமா இரையும். இது நீட்டா எழுந்து நீட்டா அடங்குது. யாரோ வேணும்னே வச்ச மாதிரி இருக்குது."

"வேணும்னே யாராச்சும் கொசு வளப்பாங்களாடா?"

அக்கா சிரித்தார், பாய் சிரித்தார், வாட்ச்மேன்கூடச் சிரித்தார். கோகுல் இருக்கும் இடத்தில் எனக்குச் சிரிப்பு விழுவது அபூர்வம். கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது.

"கொசுவோ வண்டோ, எனக்கு வேணாம்பா. எடுத்துடுங்க," என்று அக்கா முடித்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து போன். சவுண்டு மிக்ஸர் வேலை செய்யவில்லையாம். கோகுல் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். பாய் வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தார்.

"சாம், நீ பாரு. எதையும் அறுத்துகிறுத்து வச்சுடாத."

3. நான் பார்த்த வேலை

புதுப் பசங்கள் இந்தப் பகுதியையாவது ஒழுங்காகப் படியுங்கள்.

டபுள் பேஸில் இரைச்சல் வந்தால் எல்லோரும் முதலில் கம்பியைத்தான் பிடித்து உலுக்குவார்கள். அது தப்பு. கம்பியைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். அடியில் தரையில் ஊன்றும் இரும்புப் பின் லூஸாக இருந்தாலும் இரையும். கம்பியை முறுக்கும் சாவியின் ஸ்க்ரூ கழன்றிருந்தால் இரையும். கம்பிகளைத் தாங்கும் கட்டையான பிரிட்ஜைத் தூக்கி இறக்கும் சக்கரம் ஆடினால் இரையும். ஓரத்தில் பசை விட்டுப் பலகை பிளந்திருந்தால் அதுவும் இரையும். அதற்குச் சுற்றிலும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும்.

எனக்குக் காது சுமார்தான். அதனால் கையால் பார்ப்பேன். அக்காவை வாசிக்கச் சொல்லிவிட்டு ஒவ்வோர் இடமாக அழுத்திக்கொண்டே போனேன். எந்த இடத்தை அழுத்தும்போது ஜர்ர் நிற்கிறதோ அங்கேதான் குற்றவாளி.

"மசாஜ் பண்றியா, ரிப்பேர் பண்றியா?" என்று பாய் கேட்டார்.

எங்கேயும் நிற்கவில்லை. கம்பியை விரலால் அழுத்தும் நீளப் பலகையான ஃபிங்கர்போர்டின் மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்திப் பார்த்தேன். நடுவில் லேசாகப் பள்ளம், அது இருக்க வேண்டியதுதான். மேடு எங்கேயும் இல்லை. அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். கம்பியை விரலால் அழுத்தி வாசித்தால் ஜர்ர் இல்லை. அழுத்தாமல் திறந்து வாசித்தால் மட்டும் வருகிறது. அப்படி வந்தால் ஃபிங்கர்போர்டு நிரபராதி. நட்டைப் பார்க்க வேண்டும். நட் என்பது திருகும் நட் இல்லை. கழுத்தின் உச்சியில் கம்பிகள் வந்து உட்காரும் சின்னக் கட்டை. கம்பிக்கு ஒன்றாக அதில் காடி, அதாவது சின்னப் பள்ளம், வெட்டியிருப்பார்கள்.

டி கம்பியை மட்டும் தளர்த்தினேன். எல்லாக் கம்பியையும் ஒரே நேரத்தில் தளர்த்தாதீர்கள். பேஸின் உடம்புக்குள் பசை இல்லாமல் இறுக்கத்திலேயே நிற்கும் ஒரு குச்சி உண்டு. அது சாய்ந்தால் அன்றைக்கு முழுக்க முன்பலகையில் எஃப் எழுத்து போல வெட்டியிருக்கும் ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

காடியிலிருந்து கம்பியைத் தூக்கினேன். உள்ளே, பின்பக்க ஓரத்தில், குறுக்காக ஒரு துண்டு நூல் கிடந்தது. அரக்கு நிறப் பட்டு நூல், முறுக்கியது. அது கம்பியைப் பின்னால் தூக்கிப் பிடித்திருக்கிறது. அதனால் காடியின் முன்பக்கம் கம்பி அழுத்தமாக உட்காராமல் லேசாக உரசியிருக்கிறது. ஜர்ர்ருக்குக் காரணம் அதுதான். காஞ்சிபுரத்தில் பட்டு நூல் சாம்பாரில்கூடக் கிடக்கும். எங்கிருந்தோ பறந்து வந்து ஒட்டியிருக்கிறது என்று நினைத்து, ட்வீசரால் உருவி, ஊதிவிட்டேன். கம்பியை ஏற்றிச் சுருதி சேர்த்தேன்.

அக்கா சுண்டினார். தூம். அவ்வளவுதான். வண்டும் இல்லை, கொசுவும் இல்லை.

"அய்யோ, சுத்தமா போயிடுச்சே! சாம், கையில இன்னாபா வச்சிருக்க? நீயே வந்துடு வேன்ல."

பாய் தன்னுடைய புது ஸ்கூட்டரை எனக்கு ஓட்டக் கொடுப்பது போன்ற முகத்தோடு, "சரி, போய்ட்டு வா," என்றார்.

சாயங்காலம் கோகுல் திரும்பி வந்தான். ஸ்டூலில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு சொன்னேன். "ரிப்பேர் இல்லன்னியே, பாத்தியா? நூல்டா. ஒரு துண்டு நூல். உருவிட்டேன்."

"நூலா? குறுக்கவா இருந்துச்சு?"

"ஆமா."

"ரெண்டு பக்கமும் துளி துளி வெளிய தெரிஞ்சுதா?"

"நான் இன்னா டேப்பு வச்சா அளந்துக்கினு இருந்தேன்? ஊதிட்டேன்டா."

"சரி," என்றான்.

சண்டை போட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அந்த "சரி" என்னோடு வீட்டுக்கு வந்து, நான் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்திருந்தது.

4. "சுருதி எங்கமா?"

புரோகிராமுக்கு முந்தின நாள் அவர்கள் சர்ச்சில் ஒத்திகை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். கேரல்கள் அருமையாகப் போயின. பேஸ் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனது. நானே வாசிப்பது போல நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்தது தமிழ்க் கீர்த்தனை. பாடுகிறவர் தேவசகாயம் ஐயா. நெசவில் இருந்து ஓய்ந்தவர். குரல் மட்டும் ஓயவில்லை. கீர்த்தனைக்கு பேஸில் வேறு வேலை கிடையாது. டி கம்பியையும் ஏ கம்பியையும் திறந்து மாற்றி மாற்றி மீட்டிக்கொண்டிருக்க வேண்டும், சுருதிக்கு. அக்கா மீட்டினார். ஐயா வாயைத் திறந்தார். மூடினார்.

"சுருதி எங்கமா?"

"வாசிச்சிக்கினுதானே இருக்கேன் ஐயா."

"தூம் தூம்னு மாவு இடிக்கிற. சுருதி எங்க?"

"கம்பியில இரைச்சல் இருந்துச்சு ஐயா. ரிப்பேர் பண்ணிட்டோம்."

ஐயா கிட்டே வந்தார். நட்டின் மேல் விரலை வைத்துத் தடவினார்.

"இங்க நூல் ஒண்ணு வச்சிருந்தேனே. எவன் உருவினான்?"

குழுவில் இருந்த எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அன்றைய ஒத்திகையில் எல்லோரும் ஒரே தாளத்தில் செய்தது அது ஒன்றுதான்.

விஷயம் இதுதான். தம்புராவில் பிரிட்ஜுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு நூலைச் செருகுவார்கள். ஜீவா என்பார்கள். அதனால்தான் தம்புரா சும்மா டொங்கென்று நின்றுவிடாமல் ரீங்காரம் போடுகிறது. அந்தச் சர்ச்சில் தம்புரா இல்லை. மின்சார சுருதிப் பெட்டி ஐயாவுக்கு ஆகாது. எனவே துபாய் போன பையன் காலத்திலேயே, தறியில் மிஞ்சிய பட்டு நூலை டபுள் பேஸின் நட்டில் போட்டு, அதைப் பெரிய தம்புராவாக்கி வைத்திருக்கிறார். அக்காவுக்கு அது தெரியாது. ரிப்பேருக்கு அனுப்பியது ஐயாவுக்குத் தெரியாது.

"கேரல்ல அது வண்டு மாதிரி கேக்குது ஐயா," என்றார் அக்கா.

"உன் கேரலுக்கு வண்டு. என் கீர்த்தனைக்கு அதுதான்மா உசுரு. அது இல்லன்னா நான் வரல. நீங்களே போய் ஜிங்கு ஜிங்குனு பாடிட்டு வாங்க."

ஐயா இல்லாமல் அந்தக் குழு சென்னைக்குப் போக முடியாது. அவர்களைக் கூப்பிட்டதே கீர்த்தனைக்காகத்தான். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். கேரல்களுக்கு நூல் இல்லாமல், நடுவில் நூலைப் போட்டுக் கீர்த்தனை. ஐயாவுக்கு இப்போது கண்ணில் நூல் தெரிவதில்லை. அதனால் அவர் கொடுக்கும் பட்டு நூலை நான் போட வேண்டும்.

போட்டேன். ஜீ என்று பல் டாக்டர் மிஷின் சத்தம் வந்தது. ஐயா கையை ஆட்டினார். தள்ளிப் போட்டேன். தகர டப்பா. திருப்பிப் போட்டேன். ஒன்றுமே இல்லை.

"தம்பி, நீ உருவறதுக்கு மட்டுந்தானா?" என்றார் ஐயா.

அக்கா பாய்க்குப் போன் செய்தார். பாய் கோகுலை அனுப்பினார். பைக்கை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். சர்ச் வாசலைத் தாண்டியது அன்றுதான் முதல் தடவை. நூலைப் போட்டான், தலையைச் சாய்த்தான், ட்வீசரால் ஒரு தள்ளு, இன்னொரு தள்ளு. அவன் அப்படி என்னதான் செய்கிறான் என்று பார்க்க நான் நட்டின் ஓரத்தில் விரலை வைத்திருந்தேன். திடீரென்று நகத்துக்கு அடியில் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு. அதே நேரம் ரீங்காரம் எழுந்து கூரைவரை போனது.

"ஆங்! அதாம்பா!" என்று ஐயா கண்ணை மூடிக்கொண்டார்.

"கோகுல் தம்பி, நாளைக்கு நீயே வந்துடேன்," என்றார் அக்கா.

நான் புதுச் சட்டையின் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தேன். சிறு வயதிலிருந்து கீர்த்தனை பாடியவன் நான். எனக்குக் கேட்காத உயிர் அவனுக்கு எப்படிக் கேட்கிறது? கடவுள் காது கொடுக்கும் வரிசையில் அவன் எனக்கு முன்னால் புகுந்திருக்க வேண்டும்.

"இல்லக்கா," என்றான் கோகுல். "கம்பிய எறக்கி, நூல போட்டு, திரும்பி ஏத்தறதுக்கு இவன் கைதான் வேகம். நான் பண்ணா ஜனங்க பிரியாணிக்கு எந்திரிச்சுப் போயிடுவாங்க."

பிறகு நூலில் பேனாவால் ஒரு பொட்டு வைத்தான். "இந்தப் பொட்டு காடியோட ஓரத்துல நிக்கணும். அவ்ளோதான்டா."

வேலையில் ஜெயித்தது போதாது என்று, சீட்டை விட்டுக் கொடுத்து அதிலும் ஜெயித்துவிட்டான். நான் நன்றியெல்லாம் சொல்லவில்லை. "பொட்டு கோணலா இருக்குது," என்றேன்.

5. ஜெப நேரம்

சென்னை சர்ச்சில் ஏசி. வேனில் வரும் வழியெல்லாம் பேஸின் கழுத்து என் தோளில் தூங்கிக்கொண்டு வந்ததில் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. கேரல்கள் முடிந்தன, கைதட்டல். அடுத்து அந்தச் சர்ச்சின் ஐயர், அதாவது பாதிரியார், ஜெபம் செய்வார். அது முடிந்ததும் கீர்த்தனை. நூல் போட எனக்குக் கிடைத்த நேரம் அந்த ஜெபம்தான்.

ஒத்திகையில் ஒருவருக்கும் தோன்றாத ஒன்று அப்போதுதான் உறைத்தது. ஜெபத்தின்போது சத்தம் போட முடியாது. கம்பியை மீட்டிக் கேட்டுப் பார்க்க வழியே இல்லை.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். மொத்தச் சர்ச்சிலும் கண்ணைத் திறந்துகொண்டிருந்தவன் நான் ஒருவன். அக்கா கண்ணை மூடியபடியே பேஸின் கழுத்தை என் பக்கம் சாய்த்துக் கொடுத்தார். டி கம்பியை இறக்கினேன். நூலை வைத்து, கோகுலின் பொட்டை ஓரத்தில் நிறுத்தினேன். அதிர்வை வைத்தே சுருதி காட்டும் ட்யூனரை மாட்டி, கம்பியைப் பட்டும் படாமலும் தொட்டு, விளக்கைப் பார்த்து ஏற்றினேன். இனி அது இரைகிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கோகுல் இங்கே இருந்தாலும் தலையை எந்தப் பக்கம் சாய்ப்பான்?

கட்டை விரல் நகத்தை நட்டில் ஒட்டிவைத்தேன். இன்னொரு கையால் கம்பியைத் தூங்குகிற குழந்தையைத் தொடுவது போலத் தொட்டேன். எறும்பு இல்லை. பொட்டு சரியான இடத்தில்தான் நிற்கிறது, ஆனால் எறும்பு இல்லை. ஏசியோ என்னவோ.

ஐயர் நோயாளிகளுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார். ட்வீசரால் நூலை மயிரிழை தள்ளினேன். தொட்டேன். இல்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு வந்துவிட்டார். பொட்டைத் தாண்டி இன்னும் கொஞ்சம் தள்ளினேன். இல்லை. தேர்வு எழுதும் மாணவர்களுக்கு வந்துவிட்டார். சர்ச்சில் வளர்ந்தவனுக்குத் தெரியும், மாணவர்களுக்கு அப்புறம் ஆமென்தான். எதிர்ப்பக்கம் இழுத்தேன். தொட்டேன்.

எறும்பு ஊர்ந்தது.

"ஆமென்," என்றது கூட்டம். நான்தான் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

அக்கா மீட்டினார். ரீங்காரம் எழுந்தது. ஐயா அதைக் கொஞ்ச நேரம் கேட்டபடியே நின்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தார். தூணுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டபோது, இப்படி ஒரு வேலையை நான் செய்ததைப் பார்க்கக் கோகுல் இல்லையே என்று இருந்தது. அவன் இருந்திருந்தால் நான் வந்திருக்கவே முடியாது என்பதும் ஞாபகம் வந்தது.

புதுப் பசங்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு கருவியிலிருந்து ஏதாவது சத்தத்தை எடுக்கச் சொன்னால், எடுப்பதற்கு முன்னால் அதைக் கேட்டு யாராவது சந்தோஷப்படுகிறார்களா என்று விசாரியுங்கள். எடுத்ததை ஊதிவிடாதீர்கள். அப்புறம், பக்கத்து மேஜைக்காரனுக்குக் காது இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டே நின்றால் உங்களிடம் என்ன இருக்கிறது என்று தெரியாமலே போய்விடும். பொறாமை போய்விடுமா என்று கேட்காதீர்கள். எனக்குப் போகவில்லை.

கீர்த்தனையை போனில் கொஞ்சம் பதிவு செய்து, வாசலில் நின்றபடியே கோகுலுக்கு அனுப்பினேன். "காதே இல்லாம நகத்தாலயே போட்டேன்டா. உன் பொட்டு தப்பு," என்று கூடவே எழுதினேன்.

உடனே பதில் வந்தது: "சூப்பர் மச்சி, ஆனா ஏ ஸ்ட்ரிங் லைட்டா எறங்கியிருக்குது பாரு."